பேச்சின்னு வைங்க

ஆமத்தூரைத் தாண்டி சிவகாசி ரோட்டில் போனால், இடது கைப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் ஒரு மண்பாதை பிரியும். போன வருஷம் ஜூன் மாசம், ஒரு திங்கட்கிழமை காலையில் என் ஸ்கூட்டியை அந்தப் பாதையில் திருப்பினேன். பையில் லேப்டாப்பும் ஒரு டப்பா தயிர்சாதமும் இருந்தன. சாதாரண வேலை. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

என் பேர் அருணாதேவி. விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியின் மாடியில் ரூம் எடுத்து, வெப்சைட் செய்து கொடுக்கிறேன். கீழே மிளகாய் வத்தல் மூட்டை இறங்குகிற நாளில் தும்மிக்கொண்டேதான் டைப் அடிக்க வேண்டும். ஜவுளிக்கடை, எண்ணெய் மில், கல்யாண மண்டபம் என்று நிறையச் செய்திருக்கிறேன். பட்டாசுக் கம்பெனிக்கு அதுதான் முதல் தடவை.

கூப்பிட்டவர் கனகசபாபதி. காரியாபட்டிப் பக்கம் தலைமுறையாக வெள்ளாமை பார்த்த குடும்பம். நிலத்தில் பாதியை விற்று, எட்டு வருஷமாக மூடிக் கிடந்த ஒரு பட்டாசு ஆலையை வாங்கி, லைசென்ஸ் எடுத்து ஓட்ட ஆரம்பித்திருந்தார். தொழிலுக்குப் புதுசு. ஐம்பது வயதுக்காரர் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரிப் பதற்றமாக இருந்தார்.

ஆபீஸ் ரூம் கேட்டை ஒட்டி, காம்பவுண்டுக்கு வெளியே இருந்தது. கேட்டுக்கு உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. தூரத்தில், வேப்பமரங்களுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று எட்ட எட்டச் சின்னச் சின்ன வெள்ளை ரூம்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பில் ஒரு நம்பர்.

"வாங்க தாயி. வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிக்கிறீகளா?" என்றார். அவருக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது.

பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாது, கோர்ட் உத்தரவு. அதனால் இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் வெப்சைட்டில் விலைப்பட்டியலைப் போட்டு, கீழே ஒரு விசாரணைப் படிவம் வைப்பார்கள். வேண்டுகிறவர் பேர், ஊர், போன் நம்பர் எழுதி அனுப்பினால் கம்பெனியிலிருந்து திருப்பிக் கூப்பிடுவார்கள். அதை அவருக்கு விளக்கிவிட்டு, முதலில் டொமைன் பேர், அதாவது வெப்சைட் முகவரிக்கு ஒரு பேர், வேண்டும் என்றேன்.

"கம்பெனியோட பழைய பேரையே வைக்கலாமா அண்ணாச்சி?"

"அது வேண்டாம் தாயி. ராசியில்லாத பேரு."

ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தோம். அவர் மகள் பேரை யாரோ முன்னாலேயே எடுத்திருந்தார்கள். குலசாமி பேரும் போயிருந்தது. சிவகாசி என்று ஆரம்பிக்கிற எதுவுமே மிச்சமில்லை. "சுருக்கமா இருக்கணும். டெல்லியில இருக்கவன் வாயிலயும் நுழையணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு மேல் கரண்ட் போனது. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. காம்பவுண்டுக்குள் கத்திக்கொண்டிருந்த காக்கைகள்கூட அடங்கிப்போயின.

"பேச்சின்னு வைங்க."

தாழ்ந்த, கரகரத்த குரல். என் கண் திரையில் இருந்தது. கட்டின தொண்டையோடு அவர்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பேச்சி பட்டாசு என்று அடித்தேன். காலியாக இருந்தது.

"நல்ல பேரு. பேச்சியம்மன் துடியான சாமில்ல" என்றார் அவர்.

"டக்குன்னு மனசுல நிக்குது அண்ணாச்சி."

வாசலில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. போர்மேன் பலவேசம் டீத்தட்டோடு நின்றிருந்தார். பழைய முதலாளி காலத்திலிருந்தே அங்கே இருப்பவர்.

"அந்தப் பேரு வேண்டாம் மொதலாளி."

"ஏன்?"

"வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கனகசபாபதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னுடைய கணக்கிலேயே ஒரு வருஷத்துக்கு அந்தப் பேரைப் பதிந்தேன். பதிந்த பேரை மாற்ற முடியாது. ஒரு எழுத்து தப்பினாலும் தப்பினதுதான் என்று வருகிற எல்லாரிடமும் சொல்லுவேன். அவரிடமும் சொன்னேன்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். 'விரைவில்' என்று ஒரே ஒரு பக்கம், அதன் அடியில் விசாரணைப் படிவம். படிவம் போகிறதா என்று நானே ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். மெயில் வந்து சேர்ந்தது.

புதன்கிழமை பன்னிரண்டு இருபதுக்கு இரண்டாவது மெயில் வந்தது.

பேர் என்ற இடத்தில் பேச்சி. ஊர் என்ற இடத்தில் ஒன்பது. போன் நம்பர் இல்லை. செய்தியில் ஒரே வார்த்தை.

கதவு.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. போன் நம்பர் எழுதாமல் அந்தப் படிவத்தை அனுப்பவே முடியாது. அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். வெப்சைட் முகவரியும் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை, அதே பன்னிரண்டு இருபது.

கதவு உள்ளாற தெறக்குது.

கனகசபாபதிக்குப் போன் போட்டேன். "போட்டிக்காரன் வேலையா இருக்கும் தாயி. நம்ம ஏரியாவுல இதெல்லாம் சகஜம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிவத்தையே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். அனுப்புவதற்கு வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். கீழே அன்றைக்கு வத்தல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் எனக்குத் தும்மல் வரவில்லை. வத்தல் நெடியே இல்லை. அதற்குப் பதிலாக வேறு வாடை. தீபாவளி மறுநாள் காலையில் தெருவில் அடிக்குமே, அந்தக் கருகின மருந்து வாடை. அதற்குள்ளே இன்னொன்றும் இருந்தது, முடி பொசுங்குகிற மாதிரி.

பன்னிரண்டு இருபது.

தள்ளுறாக.

அன்றைக்கே அந்த வேலையை விட்டிருக்கலாம். ஒத்துக்கொண்ட வேலை, பயந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு லீவு. மருந்தெல்லாம் அப்புறப்படுத்திவிட்டுப் போட்டோ எடுக்க வரச் சொல்லியிருந்தார். போனேன். செல்போனைக் கேட்டில் கொடுத்துவிட்டுக் கேமராவோடு உள்ளே நடந்தேன். சாவிக் கொத்தோடு பலவேசம் முன்னால் போனார்.

ஆள் இல்லாத பட்டாசு ஆலையில் சத்தமே இருக்காது. நம் செருப்புச் சத்தம்தான் நமக்குக் கேட்கும். ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு ரூமாகத் திறந்து காட்டினார். எட்டாம் ரூமுக்கு அப்புறம் ஒன்பதைச் சுற்றிக்கொண்டு பத்துக்குப் போகப் பார்த்தார்.

"ஒன்பது?" என்றேன்.

"அதை விட்டுருங்க தாயி."

"அங்கன யாரும் வேலை பாக்கலையா?"

"பாக்குறாக. நாலு பொம்பளையாளுக, சரவெடி பின்னுறாக." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

மூன்று மெயிலிலும் ஊர் என்ற இடத்தில் ஒன்பது என்று இருந்தது என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பார்க்காமல் போனால் அது என்னை விடாது என்று தோன்றியது. "நான் பாக்கணும்ணே" என்றேன். பூட்டைத் திறந்துவிட்டு, எட்டாம் ரூமைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போய்விட்டார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பச்சைப் பெயின்ட் அடித்த மரக்கதவு. கை வைத்ததும் உள்பக்கமாகத் திறந்தது.

அதுவரை பார்த்த எட்டு ரூம் கதவும் வெளிப்பக்கமாகத் திறந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

பத்துக்குப் பத்து ரூம். புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் பின்கதவு இருந்தது, ஆனால் கூரை உயரத்துக்கு வெறும் அட்டைப்பெட்டிகள் அதை மறைத்து அடுக்கியிருந்தன. மேலே இருந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் நேராகத் தரையில் விழுந்தது. கேமராவை எடுத்து நாலு படம் எடுத்தேன்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. மெல்ல, யாரோ தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாமல் சாத்துகிற மாதிரிச் சாத்தியது.

போய்க் கையை வைத்துத் தள்ளினேன். திறக்கவில்லை. பலமாகத் தள்ளினேன்.

அந்த வாடை வந்தது.

பின்கழுத்தில் சூடாக ஒரு மூச்சு பட்டது.

திரும்பக் கழுத்து வரவில்லை. முதுகில் ஒரு பாரம் சாய்ந்தது. அதன்மேல் இன்னொரு பாரம். என் கன்னம் கதவோடு அழுந்தியது. பலகை தோசைக்கல் மாதிரிச் சுட்டது. பின்னால் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும்தான், வேகவேகமாக, மூன்று பேர் மூச்சு. நிறையக் கைகள் என் முதுகை நெட்டித் தள்ளின.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தக் கதவைத் தள்ளினால் திறக்காது, இழுக்க வேண்டும். இழுப்பதற்கு ஒரே ஒரு எட்டுப் பின்னால் வைக்க வேண்டும்.

அந்த ஒரு எட்டுக்கு அவர்கள் இடம் விடவில்லை.

"தள்ளாதீக. பின்னால போங்க. தள்ளாதீக."

தாழ்ந்த, கரகரத்த குரல். திங்கட்கிழமை கேட்ட அதே குரல். இந்த முறை அது என் தொண்டையிலிருந்து வந்தது.

வெளியே பலவேசம் ஓடிவரும் சத்தம் கேட்டது. "தாயி, தள்ளி நில்லுங்க, கதவத் தெறக்கேன்" என்று கத்தினார். நகர முடியவில்லை. அவர் வெளியிலிருந்து முட்ட, நான் உள்ளேயிருந்து நசுங்கிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. திடீரென்று முதுகுப் பாரம் இல்லாமல் போனது. மல்லாக்க விழுந்தேன். கதவு திறந்து வெளிச்சம் வந்தது.

ரூமில் யாரும் இல்லை. பலவேசம் என்னைத் தூக்கிவிட்டார். கேட்டில் செல்போனைத் திருப்பி வாங்கியபோது மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தபோது என் கணவர் விக்னேஷ்குமார், "முதுகுல என்னது?" என்றார். அன்றைக்கு நான் போட்டிருந்தது கருநீலச் சுடிதார். கழற்றிப் பார்த்தேன். வெள்ளி நிறத்தில் கைத்தடங்கள். பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பவுடர், வேலை முடித்து வருகிற பெண்களின் கையில் ஒட்டியிருக்குமே, அதே வெள்ளி. விரல் விரித்து அழுத்தின உள்ளங்கைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. விக்னேஷ் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஆறு இருந்தன.

திங்கட்கிழமை காலையில் அந்தச் சுடிதாரை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே போகவில்லை. ஆபீஸ் மேஜையில் அதை விரித்து வைத்தேன்.

"ஒன்பதாம் ரூம் கதவை வெளிப்பக்கமாத் திருப்பி மாட்டுங்க அண்ணாச்சி. பின்கதவுல அடுக்கியிருக்க பெட்டியை எடுக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த ரூம்ல யாரையும் உக்கார வைக்காதீங்க."

அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சங்கடம்தான். "எனக்கும் தெரியும் தாயி. லைசென்ஸுக்கு அதைச் சும்மா சாமான் ரூம்னு காமிச்சேன். ஆர்டர் கூடிப்போச்சு, எடம் பத்தல. இந்த சீசன் மட்டும் முடியட்டும். தீவாளி லோடு போயிருச்சுன்னா ஒரே நாள்ல மாத்திருவேன்."

வாசலில் நின்ற பலவேசம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதையேதான் மொதலாளி நானும் அவளுக்குச் சொன்னேன்" என்றார்.

கனகசபாபதி திரும்பினார். "யாருக்கு?"

"முத்துப்பேச்சிக்கு. அப்ப ஒன்பதாம் ரூம்ல வேலை பாத்த நாலு பேருக்கும் மூத்தவ அவதான். வெளிய பெட்டி அடுக்க எடம் வேணும்னு பழைய மொதலாளி அந்தக் கதவை மட்டும் உள்பக்கமாத் திருப்பி மாட்டுனாரு. அவ வந்து மூணு தடவை சொன்னா. 'அண்ணே, ஒண்ணுன்னா நாங்க எப்படி வெளிய வருவோம், கதவு உள்ளாற தெறக்குதே'ன்னா. சீசன் முடியட்டும் பேச்சின்னு சொல்லி அனுப்பிட்டேன்." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்திரிக்கிற நேரம், மணி பன்னண்டு இருவது, தீப்பிடிச்சிருச்சு. பின்கதவை அப்பவும் பெட்டி அடைச்சிருந்துச்சு. அவ முன்கதவுகிட்ட இருந்தா. மத்த மூணு பேரும் பயந்து அவளைப் போட்டுத் தள்ளிட்டாக. நாங்க கதவ ஒடைச்சப்ப அவ மேலதான் எல்லாரும் கெடந்தாக. அவ மட்டும் ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் உசுரோட இருந்தா. பொகையில தொண்டை வெந்துபோய் ஒரே கரகரப்பு. அந்தக் குரல் எனக்கு மறக்காது."

"அப்படின்னா, நீங்க எதுக்கு அண்ணாச்சி அந்தப் பேரைச் சொன்னீங்க?" என்று கனகசபாபதியிடம் கேட்டேன்.

"எந்தப் பேரை?"

"பேச்சின்னு வைங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் முகம் வெளுத்தது. "நீங்கதான தாயி சொன்னீக."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் கிடந்த துணியின் ஓரம் மட்டும் அசைந்தது.

"ரெண்டு பேரும் சொல்லல" என்றார் பலவேசம். "நான் வாசல்லதான் நின்னேன். உங்க ரெண்டு பேரு வாயும் அசையல."

கனகசபாபதி எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் கேட்டுக்கு உள்ளே நடந்தார். ஒன்பதாம் ரூமில் சரம் பின்னிக்கொண்டிருந்த நாலு பெண்களும் முந்தானையால் கையைத் துடைத்தபடி வேப்பமரத்தடிக்கு வந்து நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அந்த வாரத்திலேயே கதவைத் திருப்பி மாட்டினார்கள். பின்கதவைத் திறந்துவிட்டார்கள். மெயில் வருவது நின்றது. வெப்சைட்டை அதோடு விட்டுவிடலாம் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன். பக்கத்தை அழித்தேன். அதற்காகச் சர்வரில் எடுத்திருந்த இடத்தையும் மூடினேன்.

செப்டம்பரில் ஒருநாள் மத்தியானம் பலவேசம் போன் செய்தார். பேச முடியாமல் விம்மினார். ஒன்பதாம் ரூமில் தீப்பிடித்து, ஓட்டுக்கூரை பறந்து, சுவரில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. "நாலு பேரும் வெளிய வந்துட்டாக தாயி. அதுல பாண்டிலட்சுமிங்கிற பொண்ணுக்கு முழங்கையில மட்டும் காயம். நாலு பேரும் உசுரோட இருக்காக." நானும் அழுதேன். முத்துப்பேச்சிக்கு வேண்டியது அதுதான், இனிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். பேச்சியம்மன் கோயிலில் மாவிளக்கு வைத்துவிட்டு வந்தேன்.

இந்த ஜூனில் அந்த டொமைன் பேருக்கு ஒரு வருஷம் முடிந்தது. நான் புதுப்பிக்கவில்லை. என் கணக்கிலிருந்து அது நீங்கிவிட்டதாக ஆகஸ்டில் தகவல் வந்தது. நிஜமாகவே போய்விட்டதா என்று பார்க்கத்தான் அன்றைக்கு மத்தியானம் அந்த முகவரியை அடித்தேன். வெறும் பக்கம் வரும் என்று நினைத்தேன்.

ஒரு போட்டோ வந்தது.

எழுத்து இல்லை, படிவம் இல்லை. திரை முழுக்க ஒரு கதவு மட்டும். பச்சைக் கதவு இல்லை, நீலக் கதவு. ரூமுக்கு உள்ளேயிருந்து எடுத்த படம். கீல் உள்பக்கம் இருக்கிறது. உள்ளே திறக்கிற கதவு.

பலவேசத்துக்கு அனுப்பினேன். அவர்கள் ஆலையில் நீலக் கதவே கிடையாது என்றார். கனகசபாபதி தெரிந்த கம்பெனிக்காரர்களிடம் எல்லாம் காட்டினார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இப்போது அந்தப் பேர் யார் கையில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். இன்னும் யாரும் வாங்கவில்லை, காலியாகத்தான் இருக்கிறது என்று காட்டுகிறது.

சீசன் உச்சத்தில் இருக்கிறது. விருதுநகரில் ஆரம்பித்து வெம்பக்கோட்டை வரைக்கும் எத்தனை ஆலை, எத்தனை ரூம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் விக்னேஷும் ஒவ்வொரு கேட்டாகப் போய் நிற்கிறோம். படத்தைக் காட்டினால் எங்களைச் சந்தேகமாகப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.

முதல் நாள் அந்தக் கதவு ரூமின் அடுத்த கோடியில், தள்ளித் தெரிந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது பாதி தூரத்தில் இருந்தது. படம் எடுப்பவர் தினமும் ஒரு எட்டு முன்னால் வைக்கிறார்.

இன்றைக்கு அந்தத் தாழ்ப்பாளில் இருக்கிற துரு வரைக்கும் தெரிகிறது.